ஃப்ராவ் சுந்தரம்

எர்லாங்கன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடை. ஜெர்மனிக்கு வந்து ஆறாவது நாள். ஒரு காபி, உப்புத் தூவிய ப்ரெட்செல் ஒன்று, 4 யூரோ 30 சென்ட். கார்டை நீட்டினேன். கடைக்காரம்மா ஒன்றும் பேசவில்லை. கல்லாப்பெட்டியில் ஒட்டியிருந்த, ஓரம் பழுப்பேறிய காகிதத்தை விரலால் தட்டினார். ரொக்கம் மட்டும். ஃபோனைக் காட்டினேன். மறுபடியும் ஒரு தட்டு. என் பையில் இருந்த ஒரே காசு, கிளம்பும்போது அம்மா மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்த ஒற்றை ரூபாய், அழகர்மலையானுக்கு நேர்ந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அதுதான் சுட்டது. நம் ஊராக இருந்தால் யாராவது ஒருத்தர் திட்டிக்கொண்டே கொடுத்திருப்பார்.

அன்று மதியம் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். வாடிப்பட்டியில் சாயங்காலம். வாசலில் பூக்காரம்மா இரண்டு முழம் மல்லி அளந்துகொண்டிருந்தார். அம்மா ஃபோனைக் கொஞ்சம் திருப்பினாள், படம் ஆடியது, கூடைக்குள்ளிருந்து ஒரு குரல்: “அறுபது ரூபாய் பெறப்பட்டது.” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் இங்கே பார்ப்பது எக்ஸ்ரே கருவிகளுக்கான மென்பொருள் வேலை. 1895 நவம்பர் 8 அன்று ராண்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்டுபிடித்த வூர்ஸ்புர்க் இங்கிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான். அடுத்த வருடமே எர்லாங்கனில் எக்ஸ்ரே கருவி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். எம்பி3 பிறந்ததும் இதே ஊர் ஆய்வுக்கூடத்தில். அவ்வளவு ஏன், கார்டில் இருக்கும் சிப்புக்கு 1960-களிலேயே காப்புரிமை கேட்டவர்கள் க்ரோட்ரூப், டெத்லோஃப் என்ற இரண்டு ஜெர்மானியர்கள். சிப்பைக் கண்டுபிடித்தவர்கள் ஊரில் எனக்குக் காபி கிடைக்கவில்லை.

அலுவலகத்தில் இதைச் சொல்லிப் புலம்பினேன். 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யுபிஐயில் 2000 கோடிப் பரிவர்த்தனைகளுக்கு மேல் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எதிர் மேசைக்காரர் கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர். “அப்போது உங்கள் அம்மா எத்தனை முழம் பூ வாங்குகிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?” என்று கேட்டார். அண்டை வீட்டாரே ரகசியப் போலீசுக்குத் தகவல் சொன்ன காலத்தில் வளர்ந்தவர் அவர். பதில் சொல்ல வாய் வரவில்லை. தெருவே எட்டிப் பார்க்கும் எங்கள் ஊரில் பூ வாங்குவது எப்போது ரகசியமாக இருந்தது என்று அப்புறம் தோன்றியது.

ரொக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைப் படுத்தியது கடிதம்.

வங்கிக் கணக்கு ஃபோனிலேயே தொடங்கியாகிவிட்டது. அதன் பிறகு கார்டு ஒரு கடிதத்தில் வரும், ரகசிய எண் இன்னொரு கடிதத்தில், செயலியைத் திறக்கும் குறியீடு மூன்றாவதில். ஒன்று திருடு போனாலும் மற்றது பயன்படாது, கணக்கு சரிதான். ஆனால் மூன்று வாரமாகியும் ஒன்றுமே வரவில்லை. விசாரித்தால், எல்லாம் திரும்பிப் போயிருக்கிறதாம். இங்கே அடுக்குமாடி வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. தபால்பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர்தான் வீட்டு எண். என் பெட்டியில் இன்னும் பழைய வாடகைக்காரர் பெயரே இருந்தது.

வீட்டுப் பராமரிப்பாளர் ஒரு கருவியில் பெயரை அடித்து, சின்னப் பிளாஸ்டிக் பட்டையாக எடுத்து ஒட்டினார். சுந்தரம். ஊரில் நான் எஸ். கயல்விழி. பாஸ்போர்ட்டில் அந்த எஸ் விரிந்து குடும்பப் பெயராகிவிட்டது. ஆக, பெட்டியில் அப்பா.

பிறகு கடிதங்கள் கொட்ட ஆரம்பித்தன. வங்கி, மருத்துவக் காப்பீடு, வரி எண், மின்சாரம். எல்லாவற்றிலும் ‘ஃப்ராவ் சுந்தரம்’. அம்மாவுக்கு ஒரு உறையைக் காட்டினேன். ஃப்ராவ் என்றால் என்னடி என்றாள். திருமதி, பெண், பெண்டாட்டி எல்லாவற்றுக்கும் அதே சொல்தான் என்றேன். “அப்ப அது நான்ல்லடி! என் கடுதாசிய எதுக்குடி பிரிக்கிற?” என்று அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா தபால்காரர். முப்பத்தோரு வருடம் சைக்கிள். ‘பெரிய மாரியம்மா, கிணத்துக்குப் பக்கம், வாடிப்பட்டி வழி’ என்று இருந்தால் போதும், கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். எந்த மாரியம்மா என்று அனுப்பியவரின் கையெழுத்தை வைத்தே கண்டுபிடிப்பார். மணியார்டர் வாங்கும் பாட்டிகளுக்குக் கைநாட்டு மை தடவித் தடவி அவருடைய வலது கட்டைவிரலின் நகக்கண் எப்போதும் நீலமாக இருக்கும், சோற்றில் கை வைக்கும்போதும். ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்த மனிதருக்கு வீட்டுக்கு வந்தது கல்யாணப் பத்திரிகையும் மின்கட்டணச் சீட்டும்தான். 2012-இல் போய்விட்டார். இப்போது பனி பெய்யும் ஓர் ஊரில், மஞ்சள் சைக்கிளில் வரும் பெண் வாரத்துக்கு நான்கு கடிதம் அவர் பெயருக்குப் போட்டுவிட்டுப் போகிறாள்.

ராண்ட்ஜனின் நவம்பர் 8 என்றதும் எனக்கு 2016-இன் நவம்பர் 8 ராத்திரிதான் ஞாபகம் வரும். அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் அம்மா ஒளித்து வைத்திருந்த பதினெட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளும் செல்லாது என்று டிவியில் சொன்னார்கள். மாற்றுவதற்கு அப்பா வேலை பார்த்த அதே தபால் நிலையத்தில் வரிசையில் நின்றாள். அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட உள்ளே இல்லை. மூன்று மணி நேரம். அதற்கு அடுத்த பொங்கலுக்குத்தான் என்னைத் ‘தட்டுற ஃபோன்’ வாங்கித் தரச் சொன்னாள். அவள் ஒன்றும் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது நான் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன், சந்தேகமே வேண்டாம். சட்டைப் பையில் எப்போதும் சில்லறை கிடக்கும். காலிப் பாட்டிலை எந்திரத்தில் போட்டால் 25 சென்ட் என்பதை விரல் மறக்காது. மருந்துச்சீட்டுக்கு ரோஸ் காகிதம் எதிர்பார்ப்பதில்லை. 2024 தொடக்கத்திலிருந்து மருந்துக்கடையில் காப்பீட்டு அட்டையைக் காட்டினாலே போதும். ரொட்டிக்கடையில்கூடப் போன மாதம் கார்டு எந்திரம் வைத்துவிட்டார்கள். கடைக்காரம்மா பெருமையாக நீட்டினார். நான் பழக்கதோஷத்தில் காசை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் வங்கியிலிருந்து ஒரு கடிதம். இனி எல்லாவற்றையும் செயலியிலேயே அனுப்பிவிடுகிறோம், காகிதம் வேண்டாமென்றால் கீழே உள்ள கட்டத்தில் டிக் செய்து கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பவும் என்று. இணைப்பாக ஒரு பதில் உறை வேறு. அம்மாவிடம் காட்டினேன். “உள்ள என்னமோ இருந்துட்டுப் போகுது, முன்பக்கத்தைக் காட்டு” என்றாள். காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, ஆங்கில எழுத்துகளில் அந்தப் பெயரை ஒருமுறை படித்தாள்.

உறை மேசைமேல்தான் கிடக்கிறது. டிக் இன்னும் அடிக்கவில்லை.