ஒன்பது சென்ட் வாஃபிள் மெஷின்

2011 ஜனவரி 9, ஞாயிறு
எடிசன், நியூ ஜெர்சி

நேற்றும் இன்றும் வீட்டில் ஏலப் பேச்சுதான். பெங்களூரில் ஐபிஎல் ஏலம். கம்பீரை 24 லட்சம் டாலருக்குக் கொல்கத்தா எடுத்துவிட்டதாம், நம்ம அஸ்வினைச் சென்னை எட்டரை லட்சத்துக்கு எடுத்துவிட்டதாம். வீட்டுக்காரர் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் ஒரு ஏலம் எடுத்தேன். பத்து டாலர் வால்மார்ட் கிஃப்ட் கார்டு, ஏழு சென்ட்டுக்கு.

இணையத்தில் நடக்கும் இந்தப் பென்னி ஏலத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது மேல் வீட்டு மதுரை அக்கா. கணவரைச் சார்ந்து எச்-4 விசாவில் வந்தவர்கள் வேலைக்குப் போக முடியாது. மதியம் ஒன்றரை மணிக்கு மேல் என்னதான் செய்வது? விதிமுறை எளிது. முதலில் பிட், அதாவது ஒரு முறை ஏலம் கேட்கும் உரிமை, வாங்க வேண்டும். (ஊரில் பிட் என்றால் பரீட்சை ஹாலில் வேறு அர்த்தம். அதை எழுதினால் அம்மா அடிப்பாள்.) ஒரு பிட் 60 சென்ட். ஐம்பது பிட்டுக்கு 30 டாலர் கட்டினேன். பொருளின் விலை பூஜ்யத்தில் தொடங்கும். யார் பிட் போட்டாலும் விலை ஒரு சென்ட் ஏறும், கடிகாரம் மறுபடி இருபது விநாடிக்குப் போகும். கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்போது கடைசியாகப் போட்டவர் யாரோ அவருக்குப் பொருள். போட்ட பிட் யாருக்கும் திரும்ப வராது.

நான் போட்டது மூன்று பிட். 1.80 டாலர், ஏழு சென்ட், அனுப்பும் செலவு 1.99. மொத்தம் 3.86. பத்து டாலர் கார்டுக்கு மோசமில்லை. பழைய டைரி ஒன்றில் இரண்டு பத்தி கோடு போட்டு, இடப்பக்கம் ‘அவர்கள் சொல்லும் விலை’, வலப்பக்கம் ‘எனக்கு ஆன விலை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 12, புதன்

வெளியே பனி. ஒரு ஐபேடைக் கடைசி வரை வேடிக்கை மட்டும் பார்த்தேன். கடையில் 499 டாலர். ஏலம் 61.37-க்கு முடிந்தது. எடுத்தவருக்குக் கொண்டாட்டம். நான் அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். 61.37 என்றால் 6,137 பிட் விழுந்திருக்கிறது. பிட்டுக்கு 60 சென்ட் வீதம் 3,682 டாலர். ஒரு ஐபேட்!

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. நானும் இன்று ஒரு கண்ணாடிப் பாத்திர செட்டில் பதினொரு பிட்டை விட்டேன். அதுவும் அடிப்பிடித்த கணக்குதான்.

ஜனவரி 15, சனி

பொங்கல். மதுரை அக்கா வீட்டில் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோய்ச் சேர்ந்து சாப்பாடு. சாப்பிட்டு முடித்த பிறகு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிற தம்பி ஒருத்தன், எங்கள் பென்னி ஏலக் கதையைக் கேட்டுவிட்டு, “அக்கா, ஒரு எவர்சில்வர் தட்டு குடுங்க” என்றான். அதில் ஒரு டாலர் நோட்டை வைத்தான். இதை ஏலம் விடுகிறேன், ஐந்து சென்ட்டில் ஆரம்பிக்கலாம், அதிகம் கேட்டவருக்கு நோட்டு. ஆனால் இரண்டாவதாக வந்தவரும் தான் கேட்ட தொகையைக் கொடுத்துவிட வேண்டும், அவருக்கு ஒன்றும் கிடையாது.

முதலில் எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஐந்து, பத்து, பதினைந்து. அறுபதைத் தாண்டியதும் இரண்டே பேர்தான் மிச்சம். ஒருவர் மன்ஹாட்டனில் வங்கியில் வேலை பார்ப்பவர். இன்னொருவர் என் வீட்டுக்காரர். வங்கிக்காரர் 95 என்றார். இவர் ஒரு டாலர் என்றார். அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஒரு டாலர் நோட்டுக்கு ஒரு டாலருக்கு மேல் எவன் கேட்பான்? வங்கிக்காரர் கையிலிருந்த வடையைக் கீழே வைத்துவிட்டு, “ஒன்னு அஞ்சு” என்றார். கேட்காவிட்டால் 95 சென்ட் போய்விடும், கேட்டு ஜெயித்தால் ஐந்து சென்ட்தான் நஷ்டம். அதே கணக்கு இவருக்கும். பிள்ளைகள் “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று கத்த, 1.90-ல் என் வீட்டுக்காரர் ஜெயித்தார். 1.90-ம் 1.85-ம் சேர்த்துத் தம்பிக்கு 3.75. சிரிக்காமல் வாங்கித் தமிழ்ப் பள்ளி உண்டியலில் போட்டான்.

மார்ட்டின் ஷூபிக் என்கிற பேராசிரியர் 1971-லேயே இந்த விளையாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறாராம். “இதுல ரெண்டு பேருதான் அக்கா கட்டணும். உங்க சைட்டுல எல்லாருமே கட்டுறாங்க” என்றான். காரில் வரும்போது வீட்டுக்காரர் அந்த ஒரு டாலர் நோட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பொங்கல் நாளில் பண ஏலம் எடுத்தது நல்ல சகுனமாம்.

ஜனவரி 27, வியாழன்

ராத்திரி முழுக்கப் பனி கொட்டி ஒரு அடிக்கு மேல் நிற்கிறது. அவர் ஆபீஸ் மூடல், கார் இருக்கிற இடமே தெரியவில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை. இரண்டரை மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் கூட்டம் குறைவாக இருக்கும் என்பது அக்காவின் சித்தாந்தம். ஊரே பனியில் அடைபட்டுத் தூங்காமல் கிடக்கும் என்று நானும் யோசிக்கவில்லை, அக்காவும் யோசிக்கவில்லை.

பொருள் ஒரு டிஜிட்டல் கேமரா. மே மாதம் தங்கை கல்யாணம், கேமரா எப்படியும் வாங்க வேண்டும். கடிகாரம் பத்துக்குக் கீழே வந்தால் எண் சிவப்பாகிவிடும். ஐந்து, நான்கு, மூன்று... இரண்டு வரும்போது அழுத்துவேன். உடனே நாய்க்குட்டி படம் வைத்த ஒருவர் மறுபடி ஒரு சென்ட் ஏற்றுவார். மனிதராக இருந்தால் நடுவில் ஒரு முறையாவது தடுமாறியிருப்பார். ஒவ்வொரு முறையும் ஒரே விநாடியில் விழுந்தது. நமக்குப் பதிலாகச் சைட்டே பிட் போடுகிற தானியங்கியில் போட்டுவிட்டு ஆள் தூங்கப் போயிருக்க வேண்டும். ‘அவர் பிட் தீரட்டும்’ என்று நானும் விடவில்லை. என்னிடமிருந்த 36 பிட்டும் தீர்ந்தது. இன்னும் 30 டாலருக்கு ஐம்பது வாங்கினேன். கைதான் வாங்கியது, மூளை அப்போது அங்கே இல்லை. அதுவும் தீர்ந்தது. கேமரா 8.43-க்கு வேறு யாருக்கோ, புதிதாக உள்ளே வந்த ஒருவருக்குப் போனது. நாய்க்குட்டிக்கும் இல்லை. அதில் ஒரு அற்ப ஆறுதல்.

காலையில் காபியோடு உட்கார்ந்து இரண்டு பேரும் கணக்குப் பார்த்தோம். 86 பிட், 51.60 டாலர். தோற்றவர்கள் சைட்டுக்காரர்கள் சொல்லும் விலைக்கே பொருளை வாங்கிக்கொள்ளலாம், போட்ட பிட் காசைக் கழித்துக்கொள்வார்கள். அவர்கள் விலை 119.99. கழித்தால் 68.39, அனுப்பும் செலவு 7.99, ஆக 76.38. இதே கேமரா அமேசானில் 89. எனக்கு ஏமாந்த கோபம், வேண்டவே வேண்டாம் என்றேன். அவர்தான் நிதானமாகச் சொன்னார்: “போனது போச்சும்மா. இப்ப கேமரா 76-க்கு வேணுமா, 89-க்கு வேணுமா?” வாங்கிவிட்டோம். டைரியில் வலப்பக்கம் 127.98 என்று எழுதும்போது பேனா ஓடவில்லை. 1.90-க்கு டாலர் நோட்டு வாங்கிய மனுஷன் எனக்குப் புத்தி சொல்கிறார் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 6, ஞாயிறு

இன்று சூப்பர் பவுல், அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப்போட்டி. இந்த ஊர்க்காரர்கள் ஆட்டத்தை மட்டுமல்ல, நடுவில் வரும் விளம்பரத்தையும் எழுந்திருக்காமல் பார்ப்பார்கள். அப்படியென்றால் ஏலத்தில் யார் இருப்பார்கள்? இந்த யோசனை என்னுடையது, பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். ஆண்கள் ஹாலில் டிவி முன்னால். விதி புரியாமலே கத்துகிறார்கள். சாப்பாட்டு மேஜையில் மூன்று லேப்டாப்: நான், மதுரை அக்கா, கீழ் வீட்டு மாமி. மாமிக்கு மகன்தான் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருக்கிறான். “என்ன பேரோ வெச்சிருக்கான், வாயில நுழையல” என்றாள். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி ஒற்றை விரலால்தான் அழுத்துவாள்.

ஆறரைக்கு ஆட்டம் தொடங்கியதும் நிஜமாகவே கூட்டம் வடிந்துவிட்டது. ஒரு வாஃபிள் மெஷின். நான் போட்டது இரண்டு பிட். ஒன்பது சென்ட்டில் கடிகாரம் சிவப்பாகி, ஒன்று வந்து, பூஜ்யம் வந்து, நின்றுவிட்டது. மூன்று பேரும் போட்ட சத்தத்தில் ஹாலில் யாரோ கோல் விழுந்துவிட்டதா என்று கேட்டார்கள். அடுத்து 25 பிட் வவுச்சர், ஆறு பிட் போட்டு 22 சென்ட்டுக்கு. அக்காவுக்கு ஒரு துண்டு செட். மாமி ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஆனால் பிட்டும் அதிகம் விடவில்லை, கெட்டிக்காரி. இடைவேளையில் திமுதிமுவென்று ஆட்கள் திரும்பி வந்தார்கள். நாங்கள் மூடிவைத்துவிட்டுப் பஜ்ஜி போடப் போனோம்.

வாஃபிள் இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. வலப்பக்கம்: அனுப்பும் செலவோடு 8.28.

பிப்ரவரி 19, சனி

மெஷின் வந்து ஒரு வாரம் பெட்டியிலேயே இருந்தது. இன்று அக்கா அடைமாவைக் கொண்டுவந்து அதில் ஊற்றிவிட்டாள். முதல் ஈடு பிய்ந்தது. எண்ணெய் தாராளமாகத் தடவி, வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, மூடியை அவசரப்பட்டுத் திறக்காமல் ஆவி அடங்கும் வரை விட்டதும், கட்டம் கட்டமாக, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று வந்தது. அந்தப் பள்ளங்களில் வெண்ணெயும் வெல்லமும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடைக்கென்றே செய்த மெஷின் மாதிரி. மாமி இரண்டு நாளைக்குக் கடன் வாங்கிப் போயிருக்கிறாள்.

பிப்ரவரி 22, செவ்வாய்

கும்பகோணத்துக்கு ஃபோன். அம்மா இருபது வருஷம் தெருவில் ஏலச்சீட்டு பிடித்தவள், அவளுக்கு விளக்குவது சுலபம் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “தோத்தவங்களுக்கு என்ன குடுப்பாங்க?”

ஒன்றுமில்லை என்றேன். அம்மாவால் நம்ப முடியவில்லை. அவள் சீட்டில் இருபது பேர், மாசம் ஆயிரம். அவசரக்காரர் ஒருவர் நாலாயிரம் தள்ளி எடுத்தால் அவர் கைக்குப் பதினாறாயிரம். அந்த நாலாயிரம் இருபது பேருக்கும் ஆளுக்கு இருநூறாகக் கழியும். எடுக்காதவர்கள் அந்த மாசம் எண்ணூறு கட்டினால் போதும். ஏலத்தில் எடுக்காதவருக்கும் ஏதோ ஒன்று வீட்டுக்குப் போகும். “எடுக்காதவன்தான் சீட்டையே தாங்குறான். அவனுக்கு ஒன்னும் இல்லைன்னா அடுத்த மாசம் எவன் வருவான்?” என்றாள்.

பதில் தெரியவில்லை. நாங்கள் மூன்று பேர் ஒவ்வொரு மாதமும் வந்துகொண்டுதானே இருக்கிறோம்.

சாயங்காலம் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: ஒருத்தி ஏலத்தில் இருந்தால் மற்ற இருவரும் அதில் நுழையக் கூடாது. போவதற்கு முன் ஃபோன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும். எவளுக்கு எது கிடைத்தாலும் மூன்று வீட்டுக்கும் பொது.

மார்ச் 29, செவ்வாய்

ஸ்வூப்போ என்ற பென்னி ஏல சைட் திவாலாம். ரட்கர்ஸ் தம்பி செய்தி அனுப்பியிருந்தான். நாங்கள் அதில் விளையாடியதில்லை, ஆனால் இந்த வியாபாரத்தையே பிரபலமாக்கியது அதுதான். 2005-ல் ஜெர்மனியில் டெலிபிட் என்ற பெயரில் தொடங்கியதாம். 499 டாலர் பொருளுக்கு மூவாயிரம் சொச்சம் வசூலிக்க முடிகிற தொழிலில் எப்படித் திவாலாவது என்று வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டார். எனக்கு அம்மா கேட்டதுதான் ஞாபகம் வந்தது.

என்னிடம் 38 பிட் மிச்சம். இனி புதிதாக வாங்குவதில்லை, இதைத் தீர்த்துவிட்டு நிறுத்துவது என்று முடிவு. இதைக் கேட்டு மதுரை அக்கா சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

உலகக் கோப்பை! தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை, எழுதத்தான் முடியும்.

மும்பையில் மதியம் ஆட்டம் என்றால் இங்கே விடியற்காலை ஐந்து மணி. நேற்று நாலரைக்கே எழுந்து குளித்து, அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தால் நல்ல ரைஸ் குக்கர் ஒன்று ஏலத்துக்கு வரப்போகிறது. அந்த நேரத்தில் யாருக்கு ஃபோன் பண்ணுவது? இருபது பிட்டைத் தானியங்கியில் போட்டுவிட்டுப் போய்விட்டேன். அங்கே இருபத்தைந்து பேர், வாஃபிள் மெஷினில் ஈடு ஈடாக அடை. ஜெயவர்த்தனே சதம் அடித்தபோது ஒரு பெரிய அமைதி. சச்சின் அவுட்டானபோது அதைவிடப் பெரிய அமைதி. கம்பீர் 97. ஜனவரியில் இவருக்கா 24 லட்சம் என்று கேட்ட என் வீட்டுக்காரர், இப்போது இன்னும் கொடுத்திருக்கலாம் என்றார். தோனி அந்த சிக்ஸரைத் தூக்கியபோது இங்கே மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. குக்கர் ஞாபகமே எனக்கு இல்லை.

ராத்திரிதான் திறந்து பார்த்தேன். இருபது பிட்டும் போயிருந்தது. 58 சென்ட்டுக்கு யாரோ எடுத்திருந்தார்கள். வாயில் நுழையாத ஒரு பெயர்.

இன்று காலை மாமி வந்தாள், கையில் தூக்கு நிறையத் தயிர்சாதம். நேற்று மேட்சுக்கு வராத ஒரே ஆள் அவள்தான். கிரிக்கெட் பிடிக்காது.

“ரைஸ் குக்கர் ஜெயிச்சுட்டேண்டி! முதல் ஜெயம். எல்லாரும் மேட்ச் பாத்துண்டிருப்பேள்னு கார்த்தாலயே ஒக்காந்தேன். நீ சொன்ன அதே ஐடியா. ஆனா எவனோ ஒரு கடங்காரன், மெஷின்ல போட்டுட்டு எங்கேயோ போய்ட்டான். நான் போடப் போட டக்கு டக்குனு ஏத்தறான். 28 பிட்டு போச்சு எனக்கு!”

தயிர்சாதம் ரொம்ப நன்றாக இருந்தது, புதுக் குக்கரில் வைத்ததாம். அப்படியா மாமி, இருபது பிட்டோடு அவனும் தீர்ந்துபோயிருப்பான் என்று வாய்வரை வந்துவிட்டது. மாதுளை முத்து தூவியிருக்கிறீர்களே என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.