கடிகாரம் போய் கைபேசி வந்தது: பிபிசியின் ‘ஷேர்லொக்’

வொட்சன் ஒரு பழைய கடிகாரத்தைத் துப்பறியும் நண்பர் ஷேர்லொக் ஹோம்ஸின் கையில் கொடுத்து, இதை வைத்திருந்தவனைப் பற்றிச் சொல் பார்ப்போம் என்று சவால் விடுகிறார். கொனன் டொயில் 1890இல் எழுதிய ‘த சைன் ஒஃப் ஃபோர்’ நாவலின் முதல் அத்தியாயம் அது. மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய எண்கள் நான்கு. அந்தக் காலத்து லண்டன் அடகுக்காரர்கள் அப்படித்தான் அடையாளம் போடுவார்கள். நான்கு தடவை அடகு போயிருக்கிறது என்றால் ஆள் அடிக்கடி கையில் காசில்லாமல் நின்றவன். ஆனால் நான்கு தடவையும் மீட்டிருக்கிறான், ஆகவே இடைக்கிடை காசும் புரண்டிருக்கிறது. சாவி போடும் துளையைச் சுற்றி நிறையக் கீறல்கள். ஒவ்வோர் இரவும் நடுங்கும் கையோடு சாவி கொடுத்திருக்கிறான். குடிகாரன்.

2010 ஜூலை 25ஆம் திகதி பிபிசியில் ஒளிபரப்பான ‘ஷேர்லொக்’ தொடரின் முதல் எபிசோடில், டக்சிக்குள் இதே காட்சி வருகிறது. கடிகாரம் இருந்த இடத்தில் கைபேசி. சாவித் துளை இருந்த இடத்தில் சார்ஜர் குத்தும் துளை. பின்புறத்தில் ‘ஹரி வொட்சனுக்கு, கிளாராவிடமிருந்து’ என்று பொறித்து மூன்று முத்தக் குறிகள். அறைக்குப் பங்காளி தேடும் ஒருவன் இவ்வளவு விலையான போனை வாங்கமாட்டான், ஆகவே யாரோ கொடுத்தது. சாவியோடும் சில்லறையோடும் ஒரே பொக்கட்டில் கிடந்து கீறுப்பட்டிருக்கிறது. வொட்சன் தன்னிடமுள்ள ஒரேயொரு ஆடம்பரப் பொருளை அப்படி வைத்திருக்கமாட்டார், ஆகவே முன்பு வேறொருவரிடம் இருந்தது. துளையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கீறல்கள், ஆகவே குடி. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர: ஹரி என்பது தம்பியோ அண்ணனோ அல்ல, ஹரியட் என்ற சகோதரி.

தொடரை உருவாக்கிய ஸ்டீவன் மொஃபட்டும் மார்க் கேட்டிஸும் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதற்கு இந்த ஒரு காட்சியே போதும். பொருளை மாற்றினார்கள், அந்தப் பொருளில் தடயம் விழும் விதத்தை மாற்றவில்லை. அடகு எண்ணை மட்டும் கொண்டுவர முடியாது. இன்றைக்குக் கொழும்புச் செட்டியார் தெருவில் நகையை அடைவு வைத்தால் கையில் கிடைப்பது ரசீது, பொருளில் யாரும் கீறுவதில்லை. அதனால் காசுக் கஷ்டத்தை விட்டுவிட்டு, கல்யாண முறிவைப் பொறித்த எழுத்திலிருந்து எடுத்தார்கள். இன்னொன்று: அந்தக் கீறல் ஒரே பக்கமாக மட்டும் குத்தக்கூடிய பழைய சார்ஜரால் வருவது. எப்படித் திருப்பினாலும் நுழையும் யூஎஸ்பி-சி வந்த பிறகு அந்தத் தடயம் பாதி செத்துவிட்டது. கடிகாரக் காட்சி நூறு வருடத்துக்கு மேல் தாங்கியது. போன் காட்சிக்குப் பதினைந்து வருடத்திலேயே விளக்கவுரை தேவைப்படுகிறது. நவீனப்படுத்தினால் கொடுக்கவேண்டிய விலை அது.

(கீழே முடிச்சுகள் எல்லாம் அவிழும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

அதே முதல் எபிசோடில் இளஞ்சிவப்பு உடையில் இறந்துகிடக்கும் பெண்ணின் கோட் லேசாக ஈரம். கடந்த சில மணித்தியாலங்களில் லண்டனில் மழை இல்லை. கொலருக்கு அடியிலும் ஈரம், ஆகவே காற்றுக்காகக் கொலரைத் தூக்கி விட்டிருக்கிறாள். பொக்கட்டில் குடை காய்ந்தபடியே இருக்கிறது, ஆகவே குடை பிடிக்க முடியாத அளவுக்குக் காற்று. கோட் இன்னும் காயவில்லை, ஆகவே இரண்டு மூன்று மணித்தியாலத் தூரத்துக்குள் எங்கிருந்தோ வந்தவள். அந்த வட்டத்துக்குள் மழையும் பலத்த காற்றும் இருந்த ஊர் கார்டிஃப். வலது காலின் பின்பக்கம் மட்டும் சேறு தெறித்திருக்கிறது, இடது காலில் இல்லை. வலக்கையால் சில்லுப் பெட்டி இழுத்திருக்கிறாள். பெட்டி எங்கே? கதை அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. (கொழும்பு ஈரப்பதனில் இந்தக் கணக்கு சரிவராது. ஒக்டோபரில் நனைந்த கோட் அடுத்த நாளும் ஈரமாகத்தான் இருக்கும்.)

வொட்சனின் காயமும் இப்படித்தான். டொயில் முதல் நாவலில் தோளில் குண்டு என்று எழுதிவிட்டு, இரண்டாவதில் காலில் என்று எழுதினார். வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக அதை வைத்துச் சண்டை பிடித்தார்கள். தொடர் இரண்டையும் வைத்துக்கொண்டது: காயம் தோளில், நொண்டல் மனதில். அந்த எபிசோடில் ஷேர்லொக்குக்குப் பின்னால் ஓடும்போது வொட்சன் ஊன்றுகோலை மறந்துவிட்டுப் போவது அதனால்தான். 1880இல் மைவாண்ட் போரில் காயப்பட்ட ஆங்கிலேய இராணுவ மருத்துவர், 2010இலும் ஆப்கானிஸ்தானிலிருந்தே திரும்பி வரமுடிந்தது. இந்தப் பொருத்தத்தை எழுத்தாளர்கள் தேடிப் போகவேயில்லை. உலக அரசியல் சும்மா கொண்டுவந்து கொடுத்தது.

நடிகர்களைப் பற்றிப் பேசினால் எல்லோரும் ஷேர்லொக்காக வந்த பெனடிக்ட் கம்பர்பட்சில்தான் நிற்கிறார்கள். மூச்சு விடாமல் பொழியும் அந்த வேகம் லேசான காரியமல்ல, சரிதான். ஆனால் துப்பறியும் பேச்சு எடுபடுவது கேட்பவரின் முகத்தில். வொட்சனாக வந்த மார்ட்டின் ஃபிரீமனை மட்டும் பார்த்துக்கொண்டு டக்சிக் காட்சியை இன்னொருமுறை போட்டுப் பாருங்கள். முதலில் எரிச்சல், பிறகு சந்தேகம், பிறகு தன் வீட்டு இரகசியம் வெளியே வந்துவிட்ட கூச்சம், கடைசியில் வாய் தவறி வரும் பாராட்டு. வசனம் மிகக் குறைவு. 2014இல் இருவருக்குமே எமி விருது கிடைத்தபோது ஃபிரீமனுக்குக் கிடைத்ததுதான் கூடுதல் நியாயம் என்பது என் கட்சி.

மிஸஸ் ஹட்சனாக வந்த ஊனா ஸ்டப்ஸ், கம்பர்பட்சின் தாய் வாண்டா வென்தமின் நண்பி. பெனடிக்டைச் சிறுவனாக இருந்த நாளிலிருந்தே தெரியும். அந்த வீட்டுக்காரம்மாவின் செல்லக் கண்டிப்பு ஒட்டவைத்ததாகத் தெரியாததில் ஆச்சரியமில்லை. மூன்றாம் சீசனில் ஷேர்லொக்கின் பெற்றோராக வருபவர்களும் பெனடிக்டின் சொந்தப் பெற்றோர்தான். மார்க் கேட்டிஸ் எழுதியதோடு நிற்காமல் ஷேர்லொக்கின் அண்ணன் மைக்ரொஃப்டாகவும் வந்தார். ரூபர்ட் கிரேவ்ஸ் நடித்த பொலிஸ் அதிகாரி லெஸ்ட்ரேட்டுக்கு டொயில் வைத்த முதற்பெயர் ‘ஜி’ என்ற ஓர் எழுத்து மட்டும். தொடர் அதை ‘கிரெக்’ ஆக்கி, ஷேர்லொக் அந்தப் பெயரை மறந்துகொண்டே இருப்பதை நகைச்சுவையாக்கியது. லூயிஸ் பிரீலியின் மொலி ஹூப்பர் மூலக்கதையில் இல்லவே இல்லாத பாத்திரம்.

மொலியின் வழியாகத்தான் அன்ட்ரூ ஸ்கொட் உள்ளே வருகிறார். ‘த கிரேட் கேம்’ எபிசோடில் அவளுடைய புதுக் காதலனாக, கணினிப் பிரிவில் வேலை செய்யும் ‘ஜிம்’ ஆக, ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. உள்ளாடையின் பிராண்ட், முகப்பூச்சு, தட்டின் அடியில் செருகிவிட்டுப் போன தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இவனுக்குப் பெண்களில் நாட்டமில்லை என்று ஷேர்லொக் தீர்ப்புச் சொல்கிறார். பார்த்த தடயம் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அத்தனையும் ஷேர்லொக் பார்க்கவேண்டும் என்றே வைக்கப்பட்டவை, வைத்தவன் அந்த ‘ஜிம்’தான், ஷேர்லொக்கின் பரம எதிரி மொரியார்ட்டி. தடயத்தை வாசிக்கத் தெரிந்தவனுக்குத் தடயத்தை எழுதிக் கொடுத்தே ஏமாற்றலாம். மொரியார்ட்டி ஏன் ஆபத்தானவன் என்று டொயில் பக்கம் பக்கமாகச் சொன்னதை இந்தச் சின்னக் காட்சி செய்து காட்டிவிடுகிறது.

திரையில் மிதக்கும் எழுத்து இயக்குநர் போல் மக்கீகனின் கைவண்ணம். அதற்கு முன் யாராவது குறுஞ்செய்தி வாசித்தால் கமரா போனுக்குத் தாவி, திரும்பவும் முகத்துக்கு வரவேண்டும். இரண்டு வெட்டு, அந்த இடைவெளியில் நடிப்பு அறுந்துவிடும். எழுத்தை முகத்துக்குப் பக்கத்திலேயே போட்டால் செய்தியும் அதை வாசிப்பவரின் முகமும் ஒரே ஷொட்டில். பொலிஸ் ஊடகச் சந்திப்பில் எல்லாருடைய போனுக்கும் ஒரே நேரத்தில் ‘தவறு!’ என்று வந்து விழும் காட்சியை வேறு எப்படி எடுத்தாலும் அரைவாசி சிரிப்புக்கூட வராது. ஒளிபரப்பாத 60 நிமிட முன்னோட்ட எபிசோட் முதல் சீசன் டிவிடியில் இருக்கிறது. அதில் இந்த எழுத்து இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 90 நிமிட வடிவத்துக்கு நீட்டியும் பிந்தியது ஏன் வேகமாகத் தெரிகிறது என்று விளங்கும்.

குத்தம் சொல்ல வேண்டிய இடம் ‘எ ஸ்கண்டல் இன் பெல்கிரேவியா’. மூலக்கதையில் ஐரீன் அட்லர் ஹோம்ஸை வென்றுவிட்டுப் போய்விடுகிறாள். கதையின் உயிரே அதுதான். 2012 வடிவத்தில் லாரா புல்வர் பிரமாதம், மூலத்தில் அவள் வைத்திருந்த புகைப்படத்துக்குப் பதில் பூட்டிய கைபேசி என்ற மாற்றமும் பிரமாதம். ஷேர்லொக் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணி, கண்மணி விரிந்ததைக் கவனித்து, நான்கு எழுத்துக் கடவுச்சொல்லைக் கண்டுபிடிப்பதும் ஒழுங்கான வேலை. ஆனால் அவள் தோற்கிறாள், அது போதாதென்று கடைசியில் அவரே வந்து காப்பாற்றவும் வேண்டியிருக்கிறது. 1891இல் எழுதிய கதையைவிட 2012இல் எழுதியது பின்னால் நிற்கிறது.

இரண்டாம் சீசன் முடிவில் ஷேர்லொக் மாடியிலிருந்து குதித்துச் செத்ததாக நடித்த விவகாரத்தில் நியாயமாகத்தான் விளையாடினார்கள். சென் பார்த்தலொமியூ மருத்துவமனைக் கூரையில் ஏறுவதற்கு முன், ஆய்வுகூடத்தில் ஷேர்லொக் ஒரு சின்ன ரப்பர் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார். அதைக் கமக்கட்டில் வைத்து அழுத்தினால் கைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு மணிக்கட்டில் நாடி மங்கிவிடும். ஓடிவந்து பிடித்துப் பார்க்கும் வொட்சனும் மருத்துவர் என்பதால் அந்த ஏற்பாடு அவசியம். பந்தை எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே காட்டினார்கள். 2012 ஜனவரி 15 தொடக்கம் 2014 ஜனவரி 1 வரை உலகமே மண்டையைப் போட்டு உடைத்தது.

நான்காம் சீசனில்தான் கை நழுவியது. கடைசி எபிசோட் 1893இல் வந்த ‘த மஸ்கிரேவ் ரிச்சுவல்’ கதையிலிருந்து ஊரையும் பெயரையும் எடுத்துக்கொண்டு கணக்கை எறிந்துவிட்டது. மூலத்தில் வெட்டிப்போன ஒரு எல்ம் மரத்தின் நிழல் எங்கே விழுந்திருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். மரம் 64 அடி என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். ஹோம்ஸ் 6 அடித் தடியை நட்டு நிழலை அளக்கிறார்: 9 அடி. அப்படியென்றால் 64க்கு 96 அடி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு, வாசகரும் கூடவே செய்யலாம். அந்த நிழலுக்குச் சூரியன் ஏறத்தாழ 34 பாகை உயரத்தில் நிற்கவேண்டும். ஏப்ரலில் கொழும்பில் பின்னேரம் நாலு மணியளவில் நிற்கும். சூரியன் உச்சம் கொடுக்கும் அந்த நாட்களில் மத்தியானம் போய் நட்டால் தடிக்கு நிழலே இராது. தொடரிலோ கல்லறைத் திகதிகளைப் பாட்டின் சொற்களோடு பொருத்தும் ஒரு புதிர், அதுவும் ஷேர்லொக்கின் தலைக்குள் விர்ரென்று ஓடி முடிகிறது. நமக்குச் செய்ய ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, ஐந்து நிமிடம் பேசினாலே யாரையும் அடிமையாக்கிவிடும், ஷேர்லொக்கின் தங்கச்சி. அந்த ஆற்றல் எப்படி வேலை செய்கிறது என்று ஒருபோதும் காட்டுவதில்லை. வேலை செய்யும் விதம் தெரியாத ஆற்றலை வைத்துப் பேய்க்கதை எழுதலாம், துப்பறியும் கதை எழுத முடியாது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: மொத்தம் பதின்மூன்று எபிசோட்தான், நான்கு சீசனுக்கும் மும்மூன்று, 2016 புத்தாண்டுச் சிறப்பு ஒன்று. கதைகள் புரொஜெக்ட் குட்டன்பேர்க் தளத்தில் இலவசம். தாளில்தான் வேண்டுமென்றால் மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் கிண்டிப் பாருங்கள். ‘த சைன் ஒஃப் ஃபோர்’ முதல் அத்தியாயத்தை மட்டும் வாசித்துவிட்டு முதல் எபிசோட். ‘த புரூஸ்-பார்ட்டிங்டன் பிளான்ஸ்’ வாசித்துவிட்டு ‘த கிரேட் கேம்’: ரயில் கூரையில் கிடந்த பிணம் தண்டவாளம் வளையும் இடத்தில் விழும் கணக்கு ஏறக்குறைய அப்படியே வந்திருக்கிறது. ‘எ ஸ்கண்டல் இன் பொஹீமியா’வை ஐரீன் எபிசோடுக்கு முன்னர் வாசியுங்கள். அதன் தொடக்கத்திலேயே, திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தை ஹோம்ஸ் தீர்த்ததாக ஒரு வரி வரும். டொயில் அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. நம்மூர் எழுத்தாளர்கள் யாராவது கைவைக்கலாம், உரிமைப் பிரச்சினை கிடையாது. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள்; கம்பர்பட்சின் வேகத்துக்கு லண்டன்காரர்களே போடுகிறார்கள்.

நான்காம் சீசனில் ‘த லையிங் டிடெக்டிவ்’ ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினாலும் நட்டமில்லை. டோபி ஜோன்ஸ் நடித்த கல்வர்ட்டன் ஸ்மித், ஆஸ்பத்திரியில் ஷேர்லொக்கின் கோட் பொக்கட்டுகளில் இருந்த மூன்று ஒலிப்பதிவுக் கருவிகளையும் கண்டுபிடித்துவிட்டு நிம்மதியாகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். மூன்று கிடைத்தால் அதற்குமேல் யாரும் தேடமாட்டார்கள். நான்காவது, முதல் எபிசோடில் வொட்சன் கைவிட்ட அந்த ஊன்றுகோலுக்குள் இருந்தது.