கப்பல் அறையும் நடுக்கடல் சூதாட்டக்கூடமும்

சிங்கப்பூரின் மரினா பே பயணக் கப்பல் முனையத்திலிருந்து பினாங்கு, புக்கெட் வரை சென்று திரும்பும் கப்பலில் நானும் என் மனைவியும் நான்கு இரவுகள் தங்கியிருந்தோம். கடற்பயணத்தில் மனைவிக்குத் தலைசுற்றல் வரும் என்பதால், அலையில் கப்பல் ஆடும்போது நடுப்பகுதியின் கீழ்த்தளங்களே மிகக் குறைவாக அசையும் என்பதை முன்பே கேட்டறிந்து, மேல்தளப் பால்கனி அறையைத் தவிர்த்து, திறக்க இயலாத சன்னல் கொண்ட கீழ்த்தள அறையை எடுத்தோம். அவள் நான்கு இரவும் நிம்மதியாக உறங்கினாள்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்வரை சூதாட்டக்கூடம் பூட்டியிருந்தது. கரையிலிருந்து வெகுதூரம் சென்ற பிறகே திறந்தார்கள். ரூலெட் (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் நிற்கும் என்று பணம் வைக்கும் ஆட்டம்) ஆட விரும்புவோர் அமர்வதற்கு முன் சக்கரத்தை உற்றுப் பார்க்க வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன். ஒரே சுழியம் உள்ள சக்கரத்தில் 37 எண்களும், இரட்டைச் சுழியம் உள்ளதில் 38 எண்களும் இருக்கும். ஓர் எண்ணில் வென்றால் இரண்டிலும் 35 மடங்குதான் லாபமாகக் கிடைக்கும் என்பதால், நாம் வைக்கும் பணத்தில் சராசரியாக முன்னதில் 2.7 சதவீதமும் பின்னதில் 5.26 சதவீதமும் கூடத்துக்கே போய்ச் சேரும். நான் ஒதுக்கிய தொகை முதல் இரவிலேயே தீர்ந்ததும் எழுந்துவிட்டேன்.

உணவு பெரும்பாலும் கட்டணத்தில் அடங்கியது. சிறப்பு உணவகங்களுக்கு மட்டும் தனிக்கட்டணம். சைவ உணவு வேண்டுமென்று பதிவின்போதே தெரிவித்திருந்ததால், காலையில் தோசையும் தேங்காய்ச் சட்னியும் கிடைத்தன.