நாலாவது பிள்ளை

ஆயா, அப்பாவின் அம்மா, போன மார்கழியில் வீட்டிலேயே தூக்கத்தில் போய்ச் சேர்ந்தது. எங்கள் பக்கம் ஆயாவை 'அவர்' என்று சொல்லிப் பழக்கமில்லை. ஆயா வந்துச்சு, போச்சுதான்.

கெடிலக் கரை மயானத்தில் கொடுத்த ரசீதைத் தொலைக்காமல் வைத்திருந்தேன். வீட்டில் நடந்த இறப்பைப் பதிய அதுதான் முதலில் வேண்டும். 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் அலைச்சல் இல்லை. மாநகராட்சி அலுவலகத்தில் அந்த வேலை சுலபமாகவே முடிந்தது. ஆனால் ஆதாரில் 'அம்மாள்', வங்கிப் பாஸ்புக்கில் வெறும் 'அம்மா' என்று பெயர் முடிந்திருந்தது. ஒரு 'ள்' என்னை இரண்டு வாரம் சுற்றவிட்டது. சான்றிதழில் பெயர் ஏறும் முன்பே எல்லாக் காகிதத்தையும் பக்கத்தில் பரப்பிப் பார்த்துவிடுங்கள்.

பாஸ்புக்கில் ஆயாவின் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் மை. ரேகையே இல்லாத வெறும் நீலத் திட்டு. பண்ருட்டிப் பக்கம் முப்பது வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்த கை அது. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்தபோது பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் விழவில்லை. "கொட்டை தின்னுடுச்சு தம்பி" என்று கடைக்காரரிடம் சிரித்தது ஆயா. வரிசையில் பின்னால் நின்ற எனக்குத்தான் அன்று வெட்கமாக இருந்தது. இப்போது அதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

கணக்கில் நாமினி போடவில்லை. அதனால் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். அப்புறம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று அது மேலே போகும்.

விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ., "அம்மாவுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். அப்பா "மூணு" என்றார். அதே நேரம் பெரிய அத்தை "நாலு சார்" என்றது.

அப்பாவுக்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை. இரண்டு வயதில் காய்ச்சலில் போனது. பிறப்புக்கும் காகிதம் இல்லை, இறப்புக்கும் இல்லை. யார் கேட்டாலும் ஆயா நாலு என்றுதான் சொல்லும். நாங்கள் அதை வயசான குழப்பம் என்றே நினைத்திருந்தோம்.

வி.ஏ.ஓ. பேனாவை மூடிவிட்டு, "குழந்தையிலேயே போனது வாரிசுல வராதும்மா" என்றார். அதட்டலாக இல்லை, தணிவாகத்தான் சொன்னார். சட்டப்படி அது சரி. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

சான்றிதழ் மூன்று பெயரோடு வந்தது. தொகை சின்னது என்பதால் வங்கியில் நீதிமன்றச் சான்று கேட்கவில்லை. மூன்று பேரும் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். சேர்ந்திருந்த முதியோர் பணம், சீட்டு எடுத்துப் போட்டது, எல்லாம் சேர்ந்து பதினோராயிரத்துச் சொச்சம். ஆஸ்பத்திரிக்கு என்று சேர்த்தது. அங்கே போகவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நோட்டுகளை எண்ணி நாலு பங்காக வைத்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது பங்கு இன்னும் அந்தப் பாஸ்புக் உறைக்குள்ளேயே, பீரோவில் ஆயாவின் சுங்குடிப் புடவைக்கு அடியில் இருக்கிறது.