டிரிஸில் பெய்கிறது

ஆனி, ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் பெய்வதை ஆங்கிலத்தில் வெறும் 'ரெயின்' என்று சொல்லிவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று இழுத்துவரும் சாரலுக்குப் பொருத்தமானது 'டிரிஸில்'தான். 0.5 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள துளிகளைத்தான் வானிலைத் துறையினர் அப்படி அழைக்கிறார்கள். விழுவதே தெரியாது. கொப்பரைக் களத்தில் தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் பருப்பின் வெள்ளை முகமெல்லாம் ஈரம் கோத்திருக்கும். அடுத்தடுத்து வெயில் காணாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், விலையும் இறங்கிவிடும்.

'ஷவர்' வேறு ரகம். சடசடவென்று கொட்டிச் சட்டென்று நிற்கும், நம் கோடை மழை அந்த வகை.

நாலு துளி விழத் தொடங்கினால் ஆங்கிலேயர் 'ஸ்பிட்டிங்' என்பார்கள். வானம் துப்புகிறதாம்! மழையைப் பற்றி இப்படி எங்கள் அம்மாயி முன்னால் யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

மூடுபனியும் தூறலும் கலந்து வந்தால் 'மிஸில்'. பாடப்புத்தகத்தில் எனக்கு இது கண்ணில் பட்டதே இல்லை. வால்பாறைப் பிள்ளைகளுக்காவது சொல்லிக் கொடுக்கலாம். ஆடி மாதம் அதற்குள்தானே நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள்.