யார் கையால்?

"என் கையாலதான் போயிட்டாளா, நர்சம்மா?"

மிச்சமிருந்த டயாலிசிஸ் பைகளைக் கணக்கெடுக்க அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. "இல்லீங்க ஐயா, உங்க கையால இல்ல" என்று சட்டென்று சொன்னேன். அந்தப் பதில்தான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருவது எல்லோருக்கும் தெரியும். கிட்னி செயலிழந்தவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் பையும் அதில்தான் போகிறது. பையைச் சேர்ப்பதும் சொல்லிக்கொடுப்பதும் எங்கள் வேலை. வயிற்றில் பதித்த டியூப் வழியாகப் பழைய தண்ணீரை வடித்துவிட்டு, புதுசாக ஒவ்வொரு முறையும் 2 லிட்டர் வீதம் தினம் மூன்று நான்கு முறை மாற்றுவது வீட்டு ஆட்கள்.

சொல்லிக்கொடுக்கும்போது பயமுறுத்தித்தான் சொல்லுவோம். ஃபேனை நிறுத்துங்க, சன்னலைச் சாத்துங்க, மாஸ்க் போடுங்க, நகத்த ஒட்ட வெட்டுங்க, டியூப் முனையில விரல் பட்டா வயித்துக்குள்ள கிருமி போயிடும். பயம் இல்லாவிட்டால் பத்து நாளில் கை கழுவுவது கடமைக்கு ஆகிவிடும். அவர் அத்தனையையும் அப்படியே பிடித்துக்கொண்டார். வடித்த பையைத் தினத்தந்தி மேல் வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். தெரிந்தால் தண்ணீர் தெளிவு. அவர் பார்த்ததோடு விடவில்லை, பைக்கு அடியில் தெரிந்த செய்தியைச் சத்தமாக வாசிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தம்மா கட்டிலில் படுத்தபடி, "மழை வருதான்னு பாரு" என்பார்.

ஒருநாள் எழுத்து தெரியவில்லை. பைக்குள்ளேயே ஆன்டிபயாடிக் போட்டார்கள், கலங்கல் தெளியவில்லை. டியூபை எடுத்துவிட்டு ரத்த டயாலிசிஸுக்கு மாற்றினார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது, பிரஷர் இறங்கிக்கொண்டே போனது.

கிருமி கை வழியாகவும் போகலாம், குடலிலிருந்தும் வரலாம், டியூப் வெளியே வரும் புண்ணிலிருந்தும் வரலாம். வடித்த தண்ணீரை லேபில் வைத்துப் பார்க்கும் கல்ச்சரில் என்ன கிருமி வளர்கிறது என்பதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். அந்தம்மாவுக்கு எதுவுமே வளரவில்லை. ஆக, யாராலும் சொல்ல முடியாது. "இல்ல" என்று நான் சொன்னது எனக்குத் தெரிந்து சொன்னதில்லை. ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளைப் பறிகொடுத்துவிட்டு, இன்னமும் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு கையை நீட்டிக் கேட்கிற மனுஷனிடம் வேறு என்ன சொல்வது? "தெரியாது" என்றால் அவர் காதில் "ஆமாம்" என்றுதான் விழும். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன் என்று நினைக்கிறேன்.

காலையும் மதியமும் பை மாற்றியது அவர். சாயங்காலமும் ராத்திரியும் மருமகள், தக்காளித் தோட்டத்து வேலை முடிந்து வந்து. இது எனக்குத் தெரியாததில்லை. அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த மாதம் அவருக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்கப் போனபோது திண்ணையில் தனி அடுப்பு வைத்திருந்தார். தானே களி கிண்டிக்கொள்கிறார். மருமகளோடு பேச்சு இல்லை. எனக்குப் பகீரென்றது. "ஐயா, அது யார் கையாலயும் வந்ததுன்னு சொல்ல முடியாதுங்க. குடல்ல இருந்துகூட வந்திருக்கலாம்" என்றேன்.

"அன்னைக்கு நீங்க அப்படிச் சொல்லலியேம்மா. என் கையால இல்லன்னுதான சொன்னீங்க."

அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. வற்புறுத்தியிருந்தால் பழி அவர் கைக்கே திரும்பிப் போயிருக்கும். வற்புறுத்தாததால் அவள் தலையில் நிற்கிறது. துக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, அதை எங்காவது இறக்கி வைக்காமல் அவரால் உட்கார முடியவில்லை. அந்தக் காரணத்தைக் கையில் கொடுத்தது எங்கள் பயிற்சிதானோ? பயமுறுத்தாமல் சொல்லிக்கொடுக்க வழி இருக்கிறதா என்று கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டேன். "அப்புறம் எல்லாருக்கும் இன்ஃபெக்ஷன் ஆவும்" என்றார்கள். அதுவும் நிஜம்தான். இப்போது வேறு வீடுகளில் சொல்லிக்கொடுக்கும்போது, "எவ்வளவு சுத்தமா செஞ்சாலும் சில சமயம் வந்துடும்" என்று சேர்த்துச் சொல்கிறேன். சொன்னதும் அவர்கள் கவனம் கொஞ்சம் தளர்வதையும் பார்க்கிறேன்.

மருமகளை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். மாமாவிடம் இன்னொரு முறை டாக்டரை விட்டே பேசச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சிஸ்டர். அத்தை போன புதுசுல எந்திரிக்கவே இல்ல அவரு. என் மேல கோவம் வந்த பிறகுதான் எந்திரிச்சு அடுப்பு மூட்டறாரு. இருந்துட்டுப் போகட்டும்."

அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவள் வேண்டாம் என்றதற்காக நான் பேசாமல் இருக்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.