மூன்று பேட்ச் ஸ்ட்ரிப்புக்கு யார் பணம் தருவார்கள்?

எங்கள் ப்ராஜெக்டின் அடுத்த கட்டத்துக்கு நிதி கேட்டிருந்தோம். கிடைக்கவில்லை. வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் புதுமை குறைவு என்பதுதான் மதிப்பீட்டாளர் எழுதிய காரணம். பயோசென்சர் (நொதி போன்ற உயிர்ப்பொருளை வைத்து ரத்தத்தில் ஒன்றை அளக்கும் கருவி) ஆராய்ச்சிக்கு இந்த ‘புதுமை’ என்ற அளவுகோல் எவ்வளவு கெடுதல் செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நான் தென் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறேன். எங்கள் சின்ன லேபில் மின்முனையில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் ஒரு பொட்டன்ஷியோஸ்டாட்டும் ஒரு ஃப்ரீசரும் இருக்கின்றன. விரல்நுனி ரத்தத்தில் கிரியேட்டினின் அளக்கும் ஸ்ட்ரிப்தான் எங்கள் வேலை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர்கள் பார்ப்பது இந்த அளவை வைத்துத்தான். சுற்றுக் கிராமங்களில் இருப்பவர்கள் இதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு வருகிறார்கள்.

சர்க்கரை ஸ்ட்ரிப் மாதிரிதானே என்று கேட்பார்கள். இல்லை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் குளுக்கோஸ் 100 மில்லிகிராம் அளவில் இருந்தால், கிரியேட்டினின் 1 மில்லிகிராம்தான் இருக்கும். குளுக்கோஸுக்கு ஒரே ஒரு நொதி போதும். அதுவும் நன்றாகத் தாக்குப்பிடிக்கிற நொதி. கிரியேட்டினினுக்குக் கிரியேட்டினினேஸ், கிரியேட்டினேஸ், சார்கோசின் ஆக்சிடேஸ் என்று மூன்று நொதிகள் வரிசையாக வேலை செய்ய வேண்டும். கடைசியில் வரும் ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் மின்முனை அளக்கிறது. மூன்றில் ஒன்று சுணங்கினாலும் அளவு தப்பு. போதாக்குறைக்கு யூரிக் அமிலம், வைட்டமின் சி, நோயாளி காலையில் போட்ட பாரசிட்டமால் எல்லாம் அதே மின்முனையில் மின்னோட்டம் தரும்.

ஆனால் எங்கள் துறையில் ‘புதுமை’ என்றால் ஒரு புது நானோபொருள், ரத்தத்துக்குப் பதில் சுத்தமான பஃபர் கரைசலில் அழகான நேர்கோடு, முன்பு யாரும் அளக்காத அளவுக்குக் குறைந்த செறிவு. இதற்குப் பணம் கிடைக்கிறது, கட்டுரையும் வெளியாகிறது. அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஸ்ட்ரிப் அடிப்பது கல்யாணப் பத்திரிகைக்குச் செய்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான், மை மட்டும் கார்பன் மை. ஒன்றை நன்றாக அடித்துவிடலாம். ஆயிரத்தையும் ஒரே மாதிரி அடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு துணை சுகாதார நிலைய அலமாரியில் கிடந்த பிறகும் அது சரியான எண்ணைக் காட்ட வேண்டும்.

வீட்டில் பயன்படுத்தும் சர்க்கரை மீட்டர்களுக்கு ஐஎஸ்ஓ 15197 என்ற தரம் இருக்கிறது. 2013 பதிப்பின்படி குறைந்தது 100 பேரிடம், மூன்று தனித்தனி பேட்ச் (தனித்தனியாக மொத்தமாய் அடித்த தொகுதி) ஸ்ட்ரிப்புகளை வைத்துச் சோதிக்க வேண்டும். நூற்றுக்கு 95 முடிவுகள் வரம்புக்குள் வர வேண்டும். கிரியேட்டினினுக்கு டாக்டர்கள் இதைவிடக் குறைவாகவா எதிர்பார்ப்பார்கள்? மூன்று பேட்ச் அடிக்க நொதி வாங்கப் பணம் வேண்டும். நான் நிரப்பிய எந்த விண்ணப்பத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

குளுக்கோஸ் சென்சார் எப்படி வந்தது என்று பாருங்கள். நொதியை மின்முனையோடு சேர்த்து அளக்கும் யோசனையை அமெரிக்க விஞ்ஞானி லீலண்ட் கிளார்க் 1962-இல் வெளியிட்டார். அதை வைத்து அமெரிக்காவின் ஒய்எஸ்ஐ கம்பெனியின் லேப் கருவி வந்தது 1975-இல். ரத்தத்தில் ஆக்சிஜன் கூடிக் குறைந்தால் அளவு தவறும் என்ற சிக்கலுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக நொதியிலிருந்து மின்முனைக்கு எலக்ட்ரான் கொண்டுபோகும் ஃபெரோசீன் என்ற இடைப்பொருள் வழி காட்டியது 1984-இல். பேனா வடிவ சர்க்கரை மீட்டரான எக்ஸாக்டெக் 1987-இல்தான் கைக்கு வந்தது. இருபத்தைந்து வருடம். நடுவில் நடந்ததெல்லாம் பிழை தேடித் தீர்க்கும் வேலை. நம் நிதித் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடக் கணக்கில் இருக்கின்றன.

இந்தியாவில் வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். மத்திய அரசின் உயிர்தொழில்நுட்ப நிறுவனமான பைராக்கின் (BIRAC) பிக் (BIG) என்ற நிதித் திட்டம் 18 மாதங்களுக்கு 50 லட்சம் வரை தருகிறது. பெங்களூரு ஐஐஎஸ்சியில் நவகாந்த பட் குழுவின் ஆராய்ச்சி கையடக்கப் பரிசோதனைக் கருவி செய்யும் பாத்ஷோத் என்ற கம்பெனியாக வளர்ந்தது. அதைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே பெருமை. ஆனால் பிக் தொழில்முனைவோருக்கானது. வாரம் முழுக்க வகுப்பெடுக்கும் கல்லூரி ஆசிரியர் கம்பெனி தொடங்கினால்தான் தன் ஸ்ட்ரிப்பை மேலே கொண்டுபோக முடியும் என்பது நியாயமில்லை.

இதைவிட எனக்கு வலிப்பது வேறு. ப்ராஜெக்ட் முடியும் நாளில் அதில் வேலை செய்யும் ஆராய்ச்சி மாணவரின் (ஸ்காலர்) ஃபெலோஷிப்பும் முடிகிறது. 2023 முதல் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அது நின்றதும் எங்கள் ஸ்காலர் ஒரு மருந்து கம்பெனிக்குப் போய்விட்டாள். குறை சொல்ல முடியாது, வீட்டில் அவள் சம்பளம் வேண்டும். ஆனால் மையை எந்தப் பதத்தில் இழுக்க வேண்டும், நொதிக் கலவை எப்போது கெட்டுப்போகும் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். நோட்டில் எழுதி வைத்ததைப் பார்த்து அடுத்தவர் பழக மாதக்கணக்கில் ஆகிறது.

நாட்டின் ஆராய்ச்சிக்கு நிதி தர 2023 சட்டப்படி வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து வருடத்தில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டம். அதில் ஒரு சிறு பங்கை, ஏற்கெனவே பலன் காட்டிய சென்சார்களைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க மட்டும் ஒதுக்கலாம். புதுப்பொருள் கேட்க வேண்டாம். நாற்பது டிகிரியில் ஆறு மாதம் வைத்த ஸ்ட்ரிப் என்ன காட்டுகிறது, இன்னொரு லேப் அடித்தாலும் அதே எண் வருகிறதா என்று கேட்கட்டும்.

நாங்கள் மறுபடி விண்ணப்பிக்கிறோம். இந்த முறை மூன்று பேட்ச் செலவைத் தனியாகவே காட்டியிருக்கிறேன். சிறுநீரகப் பிரிவு உள்ள மருத்துவமனை டாக்டர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். லேப் முடிவோடு ஒப்பிட ரத்த மாதிரிகள் வேண்டும். எதிக்ஸ் கமிட்டிக்கான விண்ணப்பத்தை நாங்களே தயார் செய்து தருகிறோம்.